ஹுத்ஹுத் ஏன் வரவில்லை? பறவைக் கணக்கெடுப்பும் நாமும்

சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை நம் மிம்பர்களில் கேட்காத ஆண்டு இல்லை. எறும்பின் பேச்சு, சபா நாட்டு அரசி, இமைப்பொழுதில் வந்து சேர்ந்த அரியணை என்று அந்தப் பயான்கள் விரைந்து செல்லும். அந்த விரைவில் ஒரு சிறு செயலைக் கடந்து போய்விடுகிறோம். பறவைகளை வரிசையாகப் பார்வையிட்டபோது அங்கே ஹுத்ஹுத் இல்லை என்பதை அந்த நபி கவனித்துவிட்டார்கள் என்பதே அது. அந்நம்ல் அத்தியாயத்தின் 20-ஆம் வசனம் அதைத்தான் பதிவு செய்கிறது.

ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அணிவகுத்த பெரும்படை அது. அதில் ஒற்றைப் பறவையின் இடம் வெறுமையாக இருப்பது ஒருவர் கண்ணில் பட வேண்டுமென்றால் இரண்டு தேவை. ஒவ்வோர் இனத்தையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். எவையெல்லாம் வந்திருக்க வேண்டும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பும் இந்த இரண்டின்மீதுதான் நிற்கிறது. இனம் காணுதல், எண்ணுதல். நம் பொங்கலூர் வட்டாரத்தில் அதில் நம்மவர் கலந்துகொள்வது அரிதாக இருக்கிறது. அது மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

முதலில் இந்தக் கணக்கெடுப்பு எது என்று சொல்லிவிடுவோம். 2015 முதல் தமிழகத்தின் பறவை ஆர்வலர்கள் ஜனவரி நடுவில் வரும் விடுமுறையின் நான்கு நாட்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ ஒன்றை நடத்தி வருகிறார்கள். கட்டணம் இல்லை, பட்டம் பெற்ற அறிஞராக இருக்க வேண்டியதும் இல்லை. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ட பறவைகளையும் குரலால் அறிந்த பறவைகளையும் எண்ணிக்கையோடு குறித்து, ‘இபேர்டு’ என்னும் இணையதளத்திலோ அதன் செயலியிலோ பதிவேற்ற வேண்டும். வீட்டு மொட்டைமாடியும் ஓர் இடம்தான். குளத்தங்கரையும் ஓர் இடம்தான். இதுபோக, நீர்ப்பறவைகளுக்கென்று 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறையும் நீர்நிலைப் பறவைகளுக்கும் நிலப்பறவைகளுக்கும் தனித்தனியே மாநிலம் தழுவிய கணக்கெடுப்புகளை நடத்துகிறது.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே பனி மூடும்போது அங்குள்ள பூச்சியும் புழுவும் மறைந்துவிடுகின்றன, நீர் உறைந்துவிடுகிறது. இரை தேடி லட்சக்கணக்கான பறவைகள் தெற்கே இறங்குகின்றன. செப்டம்பரில் தொடங்கும் அவ்வரவு ஜனவரியில் நிலைபெற்றுவிடும். மார்ச், ஏப்ரலில் அவை திரும்பிவிடும். ஆகவே உள்ளூர்ப் பறவைகளையும் விருந்தாளிகளையும் ஒருங்கே காண ஜனவரியைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் கிடக்கும் நம் ஊரில் என்ன பறவை இருக்கப் போகிறது என்று கேட்போர் உண்டு. விசைத்தறியும் கோழிப்பண்ணையும் காற்றாலையும்தாம் இவ்வூரின் அடையாளம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு நடுவே பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் ஓடுகிறது. தென்னந்தோப்பும் சின்ன வெங்காய வயலும் மக்காச்சோளக் காடும் இருக்கின்றன. உழாமல் விட்ட மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. மழை பெய்தால் நிறையும் குட்டைகள் இருக்கின்றன. பறவைக்கு வேண்டியதும் இவையே. மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான்களைக் குருவி என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். அவை இமயத்துக்கு அப்பாலிருந்து வந்திருக்கக்கூடும். வாய்க்கால் ஓரத்தில் வாலை ஆட்டியபடி ஓடும் மஞ்சள் வாலாட்டி, கூட்டமாக வந்து இறங்கும் சூறைக்குருவி, தோப்பின் தரையில் சருகு கிளறும் ஆறுமணிக்குருவி ஆகியவையும் இப்பருவத்தின் விருந்தாளிகளே. கடைசியாகச் சொன்ன பறவை இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தைத் தென்னகத்திலும் இலங்கையிலும் கழிக்கிறது. காலை, மாலை ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். பஜ்ர் முடிந்து வெளியே வரும்போதும் மஃரிபுக்கு ஒளூச் செய்யும்போதும் ஈரசைச் சீழ்க்கை ஒன்று காதில் விழுந்தால், ஒரு கணம் நின்று கேளுங்கள்.

இனம் காணுதலைப் பெரிய வித்தை என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. துணியைத் தொட்ட மாத்திரத்தில் அதன் ஜிஎஸ்எம் என்னவென்று சொல்லிவிடுவோர், நூலைப் பார்த்து முப்பதா நாற்பதா என்று கவுண்ட்டைக் கணிப்போர் நம் பனியன் கம்பெனிகளில் எத்தனையோ பேர். செக்கிங் மேசையில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும் நம் சகோதரிகளின் கண்ணுக்குப் பறவையைப் பிரித்தறிவது அரிதாகவா இருக்கும்? பழக்கம்தான் வேண்டும். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, எதைவிடப் பெரிது, எதைவிடச் சிறிது என்று தொடங்க வேண்டும். பின்னர் அலகின் வடிவம், காலின் நிறம், வாலின் நீளம், நடையா தத்தலா, நிலத்திலா நீரிலா மரத்திலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கொக்கையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையாக இருந்தால் நமக்கு எல்லாம் கொக்குதான். உண்மையில் நம் வயல்களிலும் குளங்களிலும் நான்கு வகை வெண்கொக்குகள் இருக்கின்றன. மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும், மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் கொண்டது உண்ணிக்கொக்கு. கரிய அலகு, கரிய கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் மேசோடு அணிந்ததுபோல் இருந்தால் அது சின்னக் கொக்கு. மற்ற இரண்டும், அதாவது நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும், குளிர்காலத்தில் மஞ்சள் அலகோடு ஒன்றுபோலவே தோன்றும். வாயின் பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னோக்கி நீண்டிருந்தால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேரே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இதை ஒருமுறை கண்டுவிட்டவருக்கு ஒரு குளம் பழைய குளமாகத் தெரியாது.

ஹுத்ஹுதும் அப்படியே. ஆண்டுதோறும் அதன் கதையைச் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அதை நேரில் காட்டத் தெரியும்? அதுதான் நம் ஊர் கொண்டலாத்தி. தலையில் விசிறிபோல் விரியும் கொண்டை, இளஞ்செம்மண் நிற உடல், சிறகிலும் வாலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், சற்றே வளைந்த நீண்ட அலகு. அதை மரங்கொத்தி என்று சொல்லிவிடுவோர் நம்மிடையே உண்டு. அது மரத்தைக் கொத்துவதில்லை, மண்ணைக் குத்திப் புழு எடுப்பது. புல் குட்டையாக இருக்கும் மேய்ச்சல் நிலமும், மருந்து அதிகம் படாத வயல் வரப்பும் அதற்கு வேண்டும். மத்ரஸாவில் அந்த அத்தியாயத்தை ஓதும் பிள்ளைகளை ஒரு காலைப் பொழுது வயலுக்கு அழைத்துச் சென்று, இதோ ஹுத்ஹுத் என்று காட்டும் உஸ்தாதை அவர்கள் வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் நான்கு உயிரினங்களைக் கொல்லத் தடை விதித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத். முதல் மூன்றும் நமக்குத் தெரியும். நான்காவதைச் ‘சிறிய பறவை ஒன்று’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஸுரத் என்பது கீச்சான். கண்ணை மறைத்து ஓடும் கறுப்புப் பட்டையும் வல்லூறுபோல் கொக்கியான அலகும் கொண்ட சிறு பறவை. பூச்சியையும் ஓணானையும் பிடித்து முள்ளில் குத்தி வைக்கும் வழக்கமுடையது. நம் வேலிக்கருவேல மரங்களில் குளிர்காலத்தில் காணும் பழுப்புக் கீச்சான், சைபீரியா, மங்கோலியா போன்ற வடக்கு ஆசிய நாடுகளில் பிறந்து இங்கே வருவது. சென்ற ஆண்டு அமர்ந்த அதே வேலிக்கு மறு ஆண்டும் திரும்பி வரும் கீச்சான்களும் உண்டு. கொல்லாதே என்று சொல்லப்பட்ட ஒன்றை அடையாளம் தெரியாமலே இருப்பது நமக்கு அழகா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி எண்ணுவதைப் பற்றி. இங்கே வேண்டியது சாட்சியின் ஒழுக்கம். அதில் நம் சமுதாயத்துக்குப் பழைய பயிற்சி உண்டு. பிறை பார்த்தல்தான் அது. யார் பார்த்தார், எந்த ஊரில், எத்தனை மணிக்கு, மேகம் இருந்ததா, கூட இருந்தவர் யார் என்று துருவித் துருவிக் கேட்போம். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே அறிவிப்போம். மாதத்தை முப்பதாக நிறைவு செய்வோம். (ஆண்டுதோறும் இதில் நமக்குள் எழும் சச்சரவுகளை இங்கே கிளற வேண்டாம்.) பறவைப் பட்டியலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. இடம், நாள், தொடங்கிய நேரம், நின்ற நிமிடங்கள், நடந்த தூரம், உடனிருந்தவர் எண்ணிக்கை. இறுதியில் ஒரு வினா: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீரா? ஆம் என்று பதில் சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அவருக்குத் தென்படவில்லை என்று பொருள். அந்த ‘ஆம்’ பொய்யாக இருந்தால் முழுப் பட்டியலும் பழுதாகிவிடும்.

தெரியாததற்கும் அங்கே இடம் உண்டு என்பது நம்மைப் பெரிதும் கவர்ந்த செய்தி. வாலாட்டி என்று மட்டும் தெரிகிறது, எந்த வாலாட்டி என்று தெரியவில்லை என்றால் அப்படியே எழுதலாம். எண்ண முடியாமல் போனால் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி இட்டால் போதும். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டு மீதியை அளக்க வேண்டும். ஒரே பருந்து மூன்று முறை தலைக்கு மேல் வட்டமிட்டால் அது மூன்று பருந்து ஆகாது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் ‘மெர்லின்’ போன்ற செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, நல்ல துணைதான். ஆயினும் செயலி சொன்னதைத் தாம் உறுதி செய்யாமல் பதிவது, கேள்விப்பட்டதைக் கண்டேன் என்று சாட்சி சொல்வதற்கு ஒப்பானது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்று இஸ்ரா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் விடுக்கும் எச்சரிக்கைக்கு இதைவிட எளிய செய்முறைப் பாடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

இவ்வளவும் எதற்கு? எண்ணினால் பறவை பெருகிவிடுமா? பெருகாது. எண்ணாவிட்டால் குறைவது தெரியாது. 2023 ஆகஸ்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளிலிருந்து உருவானது. 942 இனங்களை அது ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. நாம் சாலையோரக் கம்பியில் பார்த்துப் பழகிய பனங்காடை வேகமாகக் குறைந்து வருவது அதில்தான் தெளிவானது. மயில் பெருகியிருப்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. அதை நம் வட்டார விவசாயிகளுக்கு அறிக்கை சொல்ல வேண்டியதில்லை. விதைத்ததைப் பறிகொடுத்தே அறிந்திருக்கிறார்கள். பனங்காடையின் குறைவுக்கோ அப்படிக் குரல் கொடுப்பவர் இல்லை. இல்லாமல் போவது ஓசையின்றி நிகழ்கிறது.

திருப்பூருக்கு இதில் தனிப்பட்ட பாடம் ஒன்று உண்டு. ஊத்துக்குளி வட்டத்தில் நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம், சுமார் 126 ஹெக்டேர் பரப்புடையது. நகரின் ஓரத்தில் கிடந்த அக்குளத்துக்கு ஆர்வலர்கள் ஆண்டாண்டாகச் சென்று பறவைகளைக் குறித்து வைத்தார்கள். 2022-இல் அது தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது; 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இங்கே 191 பறவை இனங்கள் பதிவாகியுள்ளன என்ற தகவல் அறிவிப்போடு வந்தபோது பலர் வியந்தார்கள். அந்த எண்ணிக்கை ஒரே நாளில் வந்ததன்று. பல குளிர்காலங்களின் அதிகாலைகள் அதில் இருக்கின்றன.

இதே மாவட்டத்தின் நொய்யலையும் நாம் மறந்துவிட முடியாது. சாயக்கழிவால் ஆறு நிறம் மாறி, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு உதவாமற்போனது நம் காலத்துச் செய்தி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பின்னரே கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்கும் முறை இறுகியது. அத்தொழிலில்தான் நம் வீட்டு உலையும் கொதித்தது. ஆகவே இதில் பிறரை மட்டும் நோக்கி விரல் நீட்டும் தகுதி நமக்கு இல்லை. ஒரு நீர்நிலை பிழைத்திருக்கிறதா என்பதைப் பறவைகளைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஆனால் மொத்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். நெடுங்கால் உள்ளான் கழிவுநீர் தேங்கிய குட்டையிலும் நூற்றுக்கணக்கில் நிற்கும். கூட்டத்தைக் கண்டு குளம் நலமாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மீன் தின்னும் பறவைகள் எத்தனை, ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்தனவா, முந்தைய ஆண்டு வந்தவற்றுள் எது வரவில்லை என்று இனம்வாரியாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும். அதனால்தான் அடையாளம் காணாத கணக்கு பாதிக் கணக்கு என்கிறோம்.

நம்மிடையே எழும் தயக்கங்களையும் பேசிவிட வேண்டும். பொங்கல் என்ற பெயர் இருப்பதால் நாம் கலந்துகொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வழிபாடோ சடங்கோ எதுவும் இல்லை. எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கும் நாட்கள் என்பதால் அப்பெயர். பனியன் கம்பெனிகள் ஒருசேர மூடியிருக்கும் நாட்கள் ஆண்டில் எத்தனை வருகின்றன? பெயரிலும் விலகி நிற்க விரும்புவோருக்கு பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்தே செய்யலாம். வெளியே செல்ல இயலாத தாய்மாருக்கும் மூத்தோருக்கும் அது மிகவும் ஏற்றது.

இது வீண் பொழுதுபோக்கு என்பது மற்றொரு கருத்து. அப்படியானால் தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று திருக்குர்ஆன் நம்மைக் கேட்பானேன்? ஒவ்வொரு பறவையும் தன் தொழுகையை அறிந்திருக்கிறது என்றும், அவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் சொல்வானேன்? குஞ்சுகளை இழந்து தவித்த சிறு பறவைக்காகத் தோழர்களைக் கண்டித்து அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். அந்த உம்மத்தில் சிலர் இன்றும் கண்ணி வைத்துப் பிடித்த கவுதாரியை ரகசியமாக வாங்குவதும், பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வாசலில் தொங்கவிடுவதும் நடக்கிறது. பிஸ்மி சொல்லி அறுத்தால் போதும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது. பார்க்கத் தெரிந்தவனுக்குப் பிடிக்கும் ஆசை தானே குறையும் என்பது நம் நம்பிக்கை.

இத்துறையில் நமக்கு முன்னோடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தய்யிப்ஜியின் வீட்டில் வளர்ந்த சாலிம் அலி, சிறுவயதில் காற்றுத்துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்டு அப்பறவையை இனம் கண்டு சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து வைத்த பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒரு வீட்டில் எழுந்த ‘இது என்ன?’ என்ற கேள்விதான் அந்தச் சிறுவனை இந்தியாவின் பறவை மனிதராக்கியது. அவர் பெயர் தாங்கிய ஆய்வு மையம் நமக்கு அருகில், கோவை ஆனைக்கட்டியில் 1990 முதல் இயங்குகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே சேர எண்ணியிருக்கிறார்கள்? மருத்துவம், பொறியியல், இல்லையேல் கம்பெனி என்ற மூன்று வாசல்களை மட்டுமே அவர்களுக்குக் காட்டி வைத்திருக்கிறோம்.

ஆகவே வரும் ஜனவரியில் நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது சிறியதே. பஜ்ர் ஜமாஅத்துக்கு வரும் இளைஞர்கள் ஏற்கெனவே விழித்திருக்கிறார்கள். பறவைகள் மிகுதியாக இயங்குவது சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான். தொழுகை முடிந்து, வாய்க்கால் கரைக்கு ஒரு குழு, ஊர்க் குட்டைக்கு ஒரு குழு, மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு குழு என்று பிரிந்து செல்லலாம். குழுவுக்கு ஒரு தொலைநோக்கி போதும். க்ரியா வெளியிட்ட, ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதிய பறவைகள் அறிமுகக் கையேடு தமிழிலேயே இருக்கிறது; பள்ளிவாசல் நூலகத்துக்கு ஒரு படி வாங்கி வைக்கலாம். தோட்டத்துக்குள் நுழையும் முன் உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும். கூட்டின் அருகே செல்லக் கூடாது. படம் எடுப்பதற்காகப் பறவையைக் கிளப்பக் கூடாது. நான்கு நாட்களில் ஒரு நாளையாவது நஞ்சராயன் குளத்துக்கு ஒதுக்கினால், அங்கே ஆண்டுகளாக எண்ணி வருவோரிடம் நேரில் கற்றுக்கொள்ளலாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நின்றோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, மறு ஆண்டும் அதே இடத்தில் அதே நேரத்தில் நிற்க வேண்டும். பொங்கலூர்க் குட்டைகளுக்கு அப்படி ஒரு தொடர் கணக்கைத் தொடங்கி வைக்க இந்தக் குளிர்காலமே போதும்.